அக்டோபரில் வீட்டுக்குள் வந்து விழும் அந்த வண்ணப் பறவை எது? அதை என்ன செய்ய வேண்டும்?

அக்டோபர் பிறந்தால் போதும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பால்கனி மூலையிலோ, கார் நிறுத்தும் இடத்திலோ, மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்று நீலம், வெளிர்மஞ்சள் வயிறு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும், அவ்வளவு குட்டை.

படத்துக்குக் கீழே வரிசையாகப் பதில்கள் வரும். “யாரோட லவ் பேர்ட்ஸோ கூண்டுல இருந்து தப்பிச்சு வந்துடுச்சு.” “இது மீன்கொத்திங்க.” “கிளிக்குஞ்சு மாதிரி இருக்கு, அரிசி போட்டுப் பாருங்க.”

மூன்றுமே தப்பு. யாரும் வளர்த்த பறவை இல்லை அது. மீன் பிடிக்காது, அரிசியும் தின்னாது. வடக்கே இமயமலை அடிவாரத்துக் காடுகளிலிருந்தோ மத்திய இந்தியக் காடுகளிலிருந்தோ கிளம்பி, இரவிரவாகப் பறந்து, போகும் வழியில் களைத்துப்போய் உங்கள் வீட்டில் இறங்கியிருக்கிறது. டேராடூனிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 1,900 கி.மீ.

பெயர், ஆறுமணிக்குருவி. ஆங்கிலத்தில் இந்தியன் பிட்டா. காலை ஆறு மணி, மாலை ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால் தமிழில் இந்தப் பெயர். இலங்கைத் தமிழர்களும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள். புதருக்கு அடியில் பதுங்கிப் பதுங்கி நடப்பதால் ‘தோட்டக் கள்ளன்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. இந்தியில் ‘நவரங்’, அதாவது ஒன்பது நிறத்தான்.

இந்தப் பறவைக்கு உங்கள் வீட்டில் கழியும் அந்த ஒரு பகல் ரொம்ப முக்கியம். அன்று என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது தன் பயணத்தை முடிக்குமா இல்லையா என்பது இருக்கிறது.

எதற்காக இவ்வளவு தூரம்?

பள்ளிப் பாடத்தில் ‘குளிர் தாங்காமல் பறவைகள் இடம்பெயர்கின்றன’ என்று படித்திருப்போம். அது பாதி உண்மைதான். இறகுப் போர்வை இருக்கும்வரை பல பறவைகள் குளிரைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது பசியை. ஆறுமணிக்குருவி போன்றவை பூச்சி, புழுவை நம்பி வாழ்பவை. வடக்கே மழைக்காலம் முடிந்து நிலம் காய்ந்து குளிரத் தொடங்கினால் மண்ணுக்கு மேலே இரை குறைந்துவிடும். அதே நேரத்தில் தெற்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. புரட்டாசி, ஐப்பசி மழையில் நம் ஊர்ச் சருகுக்கடியில் என்னவெல்லாம் நெளியும் என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

நமக்கு இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் ரஷ்யாவின், மத்திய ஆசியாவின், இமயமலையின் இலையுதிர்காலம் நம் வீட்டுப் புழக்கடையில் வந்து முடிகிறது. ஆகஸ்ட் கடைசியில் சிலவாகத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் கூட்டம் கூடி, நவம்பருக்குள் பெரும்பாலானவை வந்து சேர்ந்துவிடும்.

கிளம்பும் நேரத்தை அவை குளிரை வைத்து முடிவு செய்வதில்லை. பகல் பொழுது குறையக் குறைய உடம்புக்குள் ஹார்மோன் மாற்றம் நடக்கிறது. பசி கூடி, தின்று தின்று தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. சில இனங்கள் தம் எடையை இரட்டிப்பாக்கிக் கொள்வதும் உண்டு. கூண்டில் அடைத்து வைத்தாலும்கூட, வலசைக் காலத்தில் இரவானால் அவை நிலைகொள்ளாமல் சிறகடித்துக்கொண்டே இருக்கும். இந்தத் தவிப்புக்கு ஜெர்மன் மொழியில் ‘ட்சூக்உன்ரூஹே’ என்றே ஒரு சொல் இருக்கிறது.

ராத்திரியில் வழி எப்படித் தெரியும்?

வாத்து, நாரை, கழுகு மாதிரிப் பெரிய பறவைகளைப் பகலில் பறந்து போகும்போது பார்க்கலாம். சிறிய பறவைகளில் பெரும்பாலானவை ராத்திரிப் பயணிகள். இரவில் காற்று குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் இருக்கும். உடம்பு சூடேறாது, வல்லூறு துரத்தாது. பகல் முழுவதும் இரை தேட மிச்சம் இருக்கும். நம்ம ஊரில் வெளியூர் போகிறவர்கள் நைட் பஸ் பிடிப்பதற்குச் சொல்லும் காரணங்கள்தான்.

வழியைப் பொறுத்தவரை சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் என்று பல குறிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. இதில் நட்சத்திர விஷயத்தைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் எம்லன் 1960களில் இண்டிகோ பண்டிங் என்ற நீலநிறச் சிறு பறவைகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டுபோனார். ஒவ்வொன்றையும் புனல் வடிவக் காகிதக் கூண்டுக்குள் விட்டார். புனலின் அடியில் மை தோய்ந்த அட்டை. பறவை எந்தத் திசையில் கிளம்பத் துடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் காகிதத்தில் மைக்கால் தடம் விழும். அவ்வளவுதான் கருவி.

பிறகு இன்னொரு வேலை செய்தார். கையால் வளர்த்த குஞ்சுகளுக்குப் பொய்யான ஒரு வானத்தைக் காட்டினார். நிஜ வானம் துருவ நட்சத்திரத்தை மையமாக வைத்துச் சுழல்வதுபோல் தோன்றும். அவருடைய வானம் திருவாதிரையை மையமாக வைத்துச் சுழன்றது. வலசைக் காலம் வந்ததும் அந்தக் குஞ்சுகள் திருவாதிரையை வடக்கு என்று எடுத்துக்கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் கிளம்பத் தாவின. 1970-இல் இந்த முடிவு வெளியானது. ஆக, எந்த நட்சத்திரம் வடக்கு என்பது பிறவியிலேயே தெரிந்த விஷயம் அல்ல. வானத்தில் எந்தப் புள்ளி அசையாமல் நிற்கிறது என்று குஞ்சு பருவத்திலேயே பார்த்துக் கற்றுக்கொள்கின்றன.

இப்படி வானத்தைப் பார்த்துப் பழகிய ஒரு பறவை, மேகம் மூடிய ஐப்பசி ராத்திரியில் தாழப் பறந்து, கீழே ஃப்ளட்லைட்டும் விளம்பரப் பலகையும் எரியும் ஒரு நகரத்துக்கு மேலே வந்தால் என்ன ஆகும்? குழம்பும். வெளிச்சத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சக்தியை இழக்கும். கடைசியில் எங்கேயாவது இறங்கும். விடிந்ததும் அடுத்த ஆபத்து காத்திருக்கும். அது கண்ணாடி.

ஒரு கட்டடம், ஒரே ராத்திரி

வெளிச்சமும் கண்ணாடியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிகத் தெளிவான பதிவு சிகாகோவிலிருந்து கிடைக்கிறது. அங்கே ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு வளாகம் இருக்கிறது. அதன் ஒரு கட்டடத்தில் பெரிய பெரிய கண்ணாடிச் சன்னல்கள். பக்கத்தில் இருக்கும் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் பறவைப் பிரிவில் வேலை பார்த்த டேவிட் வில்லார்டு, அங்கே பறவைகள் மோதி விழுகின்றன என்று கேள்விப்பட்டு 1978-இல் ஒருநாள் காலை நடந்துபோய்ப் பார்த்தார். செத்துக் கிடந்த சில பறவைகளை எடுத்து வந்து அளந்து குறித்து வைத்தார். அடுத்த முறையும் போனார். அதன் பிறகு நிறுத்தவே இல்லை.

2023 அக்டோபர் 5-ஆம் தேதி காலை அதே கட்டடத்தின் அடியில் கிட்டத்தட்ட 1,000 பறவைகள் செத்துக் கிடந்தன. ஒரே இரவு, ஒரே கட்டடம். செய்தி உலகம் முழுக்கப் போனது. அதன் பிறகு 2024-இல் கண்ணாடிகள் மீது சின்னச் சின்னப் புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். அந்த ஆண்டு இலையுதிர்கால வலசையில் இறப்பு சுமார் 95 சதவீதம் குறைந்தது. 45 ஆண்டுகளுக்கு மேல் பறவைகள் விழுந்துகொண்டிருந்த இடத்தில் தீர்வு என்னவென்றால், புள்ளி போட்ட ஸ்டிக்கர்.

வெளிச்சத்துக்கும் இப்படி ஒரு சான்று உண்டு. நியூயார்க்கில் செப்டம்பர் 11 தாக்குதல் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அந்த இரவில் 88 ஒளிவிளக்குகளை வானத்தை நோக்கி ஏற்றுகிறார்கள். அது வலசையின் உச்சக் காலம். ஏழு ஆண்டுகளின் அந்த ஏழு இரவுகளை மட்டும் ரேடார் உதவியோடு ஆராய்ந்ததில், சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டதாக 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியில் போய்விடுகின்றன என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் இப்போது ஆட்களை நிறுத்தி எண்ணுகிறார்கள். ஒளிக்கற்றைக்குள் 1,000 பறவைகள் சேர்ந்தால் 20 நிமிடம் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் இறப்பதாக 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் கவனிக்க வேண்டியது, வானளாவிய கட்டடங்களின் பங்கு சொற்பம். பெரும்பகுதி வீடுகளும் சின்னக் கட்டடங்களும்தான். அங்கே அவை எண்ணிக்கையில் அதிகம். மோதுவதற்கு இருபது மாடி வேண்டியதில்லை. மரம் பிரதிபலிக்கும் ஒரே ஒரு சன்னல் போதும். பறவைக்குக் கண்ணாடி தெரியாது, அதில் தெரியும் வேப்பமரம்தான் தெரியும்.

நம் ஊர்களில் பத்து வருஷத்துக்கு முன் கம்பி போட்ட மரச்சன்னல் இருந்த இடத்திலெல்லாம் இப்போது யு.பி.வி.சி. சறுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. பால்கனிக்குக் கண்ணாடித் தடுப்பு வந்துவிட்டது. ஆறுமணிக்குருவி வேறு தாழ்வாக, வேகமாக, நேராகப் பறக்கும் ரகம்.

இதற்கு வீட்டில் செய்யக்கூடியது ரொம்ப எளிது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ.-க்கு மேல் இடைவெளி விடாமல் புள்ளிகளோ கோடுகளோ இருக்க வேண்டும். பெயின்ட் மார்க்கர், ஸ்டிக்கர், தொங்கும் மெல்லிய கயிறுகள் எதுவானாலும் சரி. கொசுவலை அடித்த சன்னலில் வலை வெளிப்பக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவது அழகுக்கு ஆகும், பறவைக்கு ஆகாது. அதைத் தவிர்த்துப் பக்கத்தில் போய் மோதும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மொட்டை மாடி ஃப்ளட்லைட்டை ராத்திரி அணைத்துவிட்டால் கரண்ட் பில்லும் மிச்சம்.

மோதி விழுந்துவிட்டால்?

பதறிப்போய் நாம் செய்யும் முதல் காரியம், வாயில் தண்ணீர் ஊற்றுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பறவைக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். நாலைந்து காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய பருத்தித் துணி விரியுங்கள். பறவையை ஒரு துணியால் மென்மையாக மூடி எடுத்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். பூனை, குழந்தைகள், டி.வி. சத்தம் இல்லாத இடத்தில் பெட்டி இருக்கட்டும். இருட்டுதான் இங்கே மருந்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதுதான் அதைக் கொல்லும்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் சலசலப்பு கேட்கும். மரமும் புதரும் உள்ள இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும். மேலே தூக்கி எறிய வேண்டாம். இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, நிற்க முடியாமல் சாய்ந்தாலோ வனத்துறைக்கோ பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும்.

“அழகா இருக்கே, நாமளே வளர்க்கலாமே” என்ற யோசனை வந்தால் அதற்கும் பதில் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இது குற்றம். தவிர, கூண்டில் கடையில் வாங்கிய தானியத்தைப் போட்டு இதை ஒரு வாரம்கூட உயிரோடு வைத்திருக்க முடியாது.

விழாமல் வருகிறவை

ஆறுமணிக்குருவி கண்ணில் படக் காரணம் அதன் நிறம். அதே வாரத்தில் அதே தோட்டத்துக்கு வேறு பலரும் வந்து இறங்கியிருப்பார்கள், நமக்குத் தெரியாது.

இதில் முதல் இடம் ஒரு ‘அழகில்லாத’ பறவைக்கு. பிளித் நாணல் கதிர்க்குருவி. கொல்கத்தாவில் ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்டு பிளித் என்ற விலங்கியலாளரின் பெயர். பறவை முழுக்க முழுக்க மண்பழுப்பு. கோடு இல்லை, புள்ளி இல்லை. எடை பத்துப் பன்னிரண்டு கிராம், அதாவது இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை. பார்ப்பது கஷ்டம், கேட்பது சுலபம். செம்பருத்தி வேலிக்குள், முருங்கை மரத்துக்குள், மருதாணிப் புதருக்குள் இருந்து நாக்கைத் தட்டுவதுபோல் ‘சக்… சக்…’ என்று ஒரு சத்தம் செப்டம்பரிலிருந்து விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் இந்தச் சத்தத்தைக் கேட்காத தோட்டம் இருக்காது. பல்லி என்று நினைத்திருப்பார்கள்.

இந்தப் பறவை கூடு கட்டுவது பின்லாந்து, ரஷ்யா தொடங்கி மத்திய ஆசியா வரை. ஹெல்சிங்கியிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் சுமார் 7,000 கி.மீ. குளிர்காலத்துக்கு இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசியாதான் அதற்குப் புகலிடம். 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்த சாதனையை எல்லோரும் ஷேர் செய்தோம். சந்தோஷம். ஆனால் நம் வீட்டு மருதாணிச் செடியில் ‘சக்’ என்பவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

வேலிக் கம்பத்திலோ கேபிள் ஒயரிலோ ஒற்றையாக, கொள்ளைக்காரனைப்போல் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டி உட்கார்ந்திருப்பது பழுப்புக் கீச்சான். சைபீரியா பக்கத்து ஆள். வந்த புதிதில் ‘இது என் இடம்’ என்று கரகரவென்று கத்தி ஊரைக் கூட்டும். வெட்டுக்கிளி, பல்லி, சில நேரம் சிறு பறவையைக்கூடப் பிடித்து முள்ளில் குத்தி வைத்துச் சாப்பிடும் வழக்கம் உண்டு. போன வருஷம் இருந்த அதே வேலிக்கு இந்த வருஷமும் திரும்பி வருவது இந்த இனத்தில் சகஜம்.

கொடிக்கால் வாலாட்டியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். நிழலும் ஈரமும் உள்ள இடம் இதற்குப் பிடிக்கும், பெயரே சொல்கிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் இடமும் வலமுமாக உடம்போடு சேர்த்து ஆட்டும். சீனா, கொரியா, கிழக்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. வாழைத் தோப்பு, மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் காலையில் சத்தம் போடாமல் போய்ப் பார்க்கலாம்.

இவை தவிர மாங்குயில், மின்கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான், அரசவால் ஈப்பிடிப்பான் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில இங்கேயே தங்கும், சில கோடியக்கரை வழியாகக் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போய்விடும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ந்து வருவதும் அந்த இடம் கடலுக்கு முந்தைய கடைசி நிறுத்தம் என்பதால்தான்.

சோறு வைக்கலாமா?

காகத்துக்கும் அணிலுக்கும் வைக்கலாம். வலசை வரும் இந்தச் சிறு பறவைகளில் பெரும்பாலானவை அதைத் தொட்டும் பார்க்காது. அவற்றுக்கு வேண்டியது பூச்சி. பூச்சி வேண்டுமென்றால் சருகு வேண்டும்.

இங்கேதான் நம் ‘சுத்தமான’ வீடு என்ற எண்ணத்தோடு உரசல் வருகிறது. ஆறுமணிக்குருவி சாப்பிடும் முறையே, தரையில் தத்தித் தத்திப் போய் அலகால் இலையைப் புரட்டித் தள்ளி அடியில் இருக்கும் புழுவை எடுப்பதுதான். காலையில் கூட்டி, மத்தியானம் கூட்டி, மிச்சம் இருந்ததைக் கொளுத்தி, மீதி இடத்துக்கு டைல்ஸ் போட்டுவிட்டால் அதற்குச் சாப்பாட்டுத் தட்டே இல்லை. ராத்திரி முழுக்கப் பறந்துவிட்டு வந்து இறங்கிய இடம் சிமென்ட் தரையாக இருந்தால் மறுபடி பறக்கக் கொழுப்பு எங்கிருந்து சேரும்?

வீட்டு முன்புறத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் மாமரத்தடியிலோ வாழை ஓரத்திலோ பத்தடி இடத்தில் மட்டும் சருகை அப்படியே விடலாம். அபார்ட்மென்ட் என்றால் சுற்றுச்சுவர் ஓரம் ஒரு பட்டை போதும். பாம்பு வரும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால்தான் ஆள் நடக்கும் வழியிலிருந்து தள்ளி என்று சொல்வது. அந்த இடத்தில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம், அடித்தால் சருகு இருந்தும் பிரயோஜனமில்லை. பூனை வளர்ப்பவர்கள் இந்த இரண்டு மாதமாவது விடியற்காலையில் அதை வெளியே விடாமல் இருந்தால் நல்லது. தரையில் இரை தேடும் களைத்த பறவையைவிடச் சுலபமான வேட்டை பூனைக்குக் கிடையாது.

தண்ணீர் வைப்பதும் பலன் தரும். அகலமான மண் தட்டு, இரண்டு விரல் ஆழம், நடுவில் நிற்க ஒரு கல். “டெங்கு கொசு வளரும்னு கார்ப்பரேஷன்ல ஃபைன் போடுவாங்களே?” தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றினால் முட்டை கொசுவாக நேரமே கிடைக்காது.

இதே மாதங்களில்தான் தீபாவளியும் வருகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை என்பது ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தியாக வரும். எல்லா ஊரும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தோட்டத்துப் பக்கம் வெடிக்காமல் தெருப் பக்கம் வெடிப்பது நடக்கக்கூடிய காரியம்.

பார்த்ததை எழுதி வைத்தால் யாருக்கு லாபம்?

சிகாகோவின் வில்லார்டு கதையில் பாதிதான் மேலே சொன்னது. அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016 வரை அப்படிச் சேகரித்து அளந்த பறவைகள் 70,716, இனங்கள் 52. அந்த அளவுகளை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. நாற்பது ஆண்டுகளில் அந்த இனங்களின் உடல் அளவு சிறுத்துவிட்டது, இறக்கை மட்டும் நீண்டிருக்கிறது என்று அதில் தெரிந்தது. வெப்பம் கூடுவதோடு இதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். எந்த ஆராய்ச்சிக்கு என்று தெரியாமலே ஒருவர் தினமும் காலையில் நடந்துபோய்க் குறித்து வைத்த குறிப்பு அது.

இந்தியாவில் இதே வேலையைச் சாதாரண ஆட்கள் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள். 2007-இல் பெங்களூருவிலிருந்து ‘மைக்ரன்ட்வாட்ச்’ என்ற திட்டம் தொடங்கியது. அது கேட்டது ஒன்றுதான். வலசைப் பறவையை இந்தப் பருவத்தில் முதல்முதலாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள்? பின்னர் அந்த வேலை, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ‘இ-பேர்டு’ தளத்துக்கு நகர்ந்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை தயாரானது. 942 இனங்களை அது மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதுமான தரவு இருந்தது 338 இனங்களுக்கு. அதில் 60 சதவீதம் குறைந்துவருகின்றன. வலசைப் பறவைகளுக்குச் சரிவு இன்னும் கூடுதல்.

பட்டியல் போடுவதில் ஒரு விஷயத்தை மட்டும் புதியவர்கள் புரிந்துகொண்டால் போதும். அபூர்வமான பறவையை மட்டும் எழுதினால் அது ஆல்பம், தரவு இல்லை. 15 நிமிடம் பின்வாசல் படியில் உட்கார்ந்து, பார்த்த, கேட்ட எல்லாவற்றையும், காகம், மைனா, புறா உட்பட, எண்ணிக்கையோடு எழுத வேண்டும். அப்போதுதான் ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்றால் ‘அது அன்று அங்கே தென்படவில்லை’ என்று அர்த்தம் கிடைக்கும். ஒரு தெருவில் ‘சக்’ சத்தம் வழக்கமாகக் கேட்கும் தேதியில் கேட்கவில்லை என்பது, ஒரு அபூர்வப் பறவை வந்ததைவிடப் பெரிய செய்தியாக இருக்கலாம்.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தோட்டத்துக்குக் கண்ணும் காதும் போதும். பெயர் தெரியாத பறவைக்குப் படம் அல்லது சத்தத்தை வைத்து அடையாளம் சொல்லும் ‘மெர்லின்’ செயலி இலவசம். தமிழில் வேண்டுமென்றால் ப.ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ இருக்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து எண்ண ஆசைப்படுபவர்களுக்கு அக்டோபரில் ‘அக்டோபர் பிக் டே’, ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் ‘கிரேட் பேக்யார்டு பேர்டு கவுன்ட்’ என்று வரிசையாக நாள்கள் இருக்கின்றன. பொங்கல் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015-இலிருந்து நடக்கிறது.

மார்ச், ஏப்ரலில் எல்லோரும் திரும்பக் கிளம்புவார்கள். வந்த தேதியைக் குறிப்பது சுலபம், சத்தம் கேட்ட அன்றே எழுதிவிடலாம். போன தேதியைக் குறிப்பதுதான் கஷ்டம். கடைசியாகக் கேட்ட ‘சக்’தான் கடைசி என்று அன்றைக்குத் தெரியாது, நாலு நாள் கழித்துத்தான் உறைக்கும். அதனால் காலண்டர் தாளில் கேட்ட நாளுக்கெல்லாம் ஒரு டிக் போட்டுக்கொண்டே வருவது நல்லது. ஏப்ரல் கடைசியில் திருப்பிப் பார்த்தால் எந்த டிக்கோடு நின்றது என்று தெரிந்துவிடும்.